மூன்றாம் அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு

நைனா,

இந்தக் கடிதத்தை நீ படித்த பிறகு வரப்போகிற உன் பெண்டாட்டியிடமும் கொடு. அப்பாவுக்கு முக்கால்வாசி தெரியும், மீதியை அவரும் படித்துக்கொள்ளட்டும். வேறு யார் கேட்டாலும் காட்டு. ஒளித்து வைத்து ஒளித்து வைத்து எனக்கு அலுத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நீ ஊரப்பாக்கத்திலிருந்து போன் பண்ணியபோது கல்யாண மண்டபம், பத்திரிகை, பெண் வீட்டுக்காரர்கள் என்று எல்லாம் நல்லதாகத்தான் பேசினாய். கடைசியில், போகிற போக்கில், மாடி ரூம்களைப் பற்றி ஒன்று சொன்னாய். "மேல மூணு ரூமையும் ரெடி பண்ணிடலாம்மா. சனி ஞாயிறு கம்பெனி பசங்க வந்துகினே இருப்பாங்க. மத்த நாள் காலியா கெடந்தாலும் வெளிய தெரியக்கூடாது. ஆளு கீற மாதிரி காட்டணும்." அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதே வார்த்தையை நீ மூன்றாவது படிக்கும்போது இன்னொருவர் வாயால் கேட்டேன். கேட்டபடி செய்தும் காட்டினேன். அதன் பலன்தான் அந்த மூன்றாம் அறை இத்தனை வருஷம் பூட்டிக் கிடப்பது.

நீ மனசு விட்டு என்னிடம் பேசுகிற ஆள் இல்லை. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன், உடம்பு எப்படி என்றால் நல்லாருக்கேன், அதோடு சரி. பெண் பார்த்த விஷயம்கூட முதலில் அப்பாவிடம்தான் சொன்னாய். வாய் இருக்கிறதா இல்லையா இந்தப் பையனுக்கு என்று உன் பெரியம்மா கேட்கும்போதெல்லாம் நான் சிரித்து மழுப்பிவிடுவேன். உன் வாயை அடைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

நம் வீடு உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் அந்த வருஷங்கள் உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். அப்பா கல்பாக்கத்தில் காண்டிராக்ட் வெல்டர். காலை ஏழு மணி வேனுக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவார். காண்டிராக்ட் வேலையை நம்ப முடியாது என்று மாடியில் மூன்று அறை எழுப்பினோம், வெளியிலிருந்து ஏறுகிற படிக்கட்டு வைத்து. மாமல்லபுரத்தில் அப்போது பாதி வீடுகளில் இதே பிழைப்புதான். மார்கழி பிறந்தால் முதுகில் மூட்டையோடு வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள். நாட்டிய விழா முடியும்வரை இடம் இருக்காது, நாம் மூவரும் அடுப்படியில் பாயை விரித்துப் படுத்து, நம் கூடத்தையும் வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாசி முடிந்தால் ஒருத்தர் இருக்கமாட்டார்கள். மே மாதம் நம் ஊர்க்காரர்கள் பிள்ளை குட்டியோடு கொஞ்ச நாள் வருவார்கள். பிறகு ஆடியிலிருந்து கார்த்திகை வரை படிக்கட்டில் ஏறுவதற்கு நம் வீட்டுப் பூனை மட்டும்தான். அந்த மாதங்களில் பகல் நேரம் எனக்குப் பிடிக்காது. அப்பா வேலைக்கு, நீ பள்ளிக்கூடத்துக்கு. தெருவெல்லாம் சிற்பக்கூடத்து உளிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். மழை பிடித்தால் அதுவும் நின்றுவிடும். மேலே மூன்று காலி அறைகள், கீழே நான்.

நீ மூன்றாவது படித்த வருஷம், மாசிக் கடைசியில்தான் ஆட்டோ தாஸ் வந்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களை வீடுகளுக்குக் கூட்டிவந்து கமிஷன் வாங்குகிறவன். நல்லவன்தான், நமக்கு ஒரு கெடுதலும் நினைத்தவன் இல்லை. படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "காலியா கீற வூட்டுல எவனும் எறங்கமாட்டான்க்கா. இன்னாடா இது, ஒருத்தனும் இல்லியேன்னு பயந்துகினு போயிடறான். ஆளு கீற மாதிரி காட்டு. ஒரு செருப்பு, ஒரு துண்டு, அவ்ளோதான்." போன சீசனில் யாரோ விட்டுப் போன பழுப்புத் தோல் செருப்பு ஒன்று அட்டைப்பெட்டியில் கிடந்தது. அதைத் துடைத்து மூன்றாம் அறை வாசலில் வைத்தேன். படிக்கட்டிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிவது அந்த அறைதான். தினமும் காலையில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து எதிர்க்கொடியில் போட்டேன். பக்கத்தில் ஒரு டம்ளர், அடியில் ஒரு வாய் டீ விட்டு. செருப்பு ஒரே மாதிரி கிடந்தால் சந்தேகம் வருமே என்று ஒரு நாள் உள்ளே பார்த்தும் ஒரு நாள் வெளியே பார்த்தும் திருப்பி வைத்தேன். எனக்கு இதில் சாமர்த்தியம் என்ற நினைப்பு வேறு.

வேலை செய்தது நைனா, அதைத்தான் சொல்லவேண்டும். காலி மாதங்களிலும் அங்கொன்று இங்கொன்றாக ஆட்கள் தங்கினார்கள். மூன்றாம் நம்பரில் யார் என்று கேட்டவர்களுக்கு ஒரு பெரியவர், ரொம்ப நாளாக இருக்கிறார், சத்தம் பிடிக்காது என்று சொன்னேன். அடுத்த வீட்டுக்காரி கேட்டாள், அவளுக்கும் அதையே சொன்னேன். மளிகைக் கடையில் கேட்டார்கள். பகலில் தூங்குவார், வெளியே வரமாட்டார், பாவம் யாரும் இல்லை போலிருக்கிறது என்று நாளுக்கு ஒன்றாகச் சேர்த்தேன். உனக்கும் உண்மையைச் சொல்லவில்லை. நீ தெருவில் உளறிவிடுவாய் என்ற பயம். மாடியில் ஓடாதே, மாமா தூங்குகிறார் என்றேன். நீ அந்த வாசலைத் தாண்டும்போது நுனிக்காலில் நடப்பாய். ஒரு நாள் உன் பங்கு அதிரசத்தில் பாதியைக் காகிதத்தில் சுற்றி அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாய். மறுநாள் அது அங்கே இல்லை. பூனையாகத்தான் இருக்கும். மாமா சாப்பிட்டுட்டாரு என்று நீ குதித்தாய், நானும் ஆமாம் என்றேன்.

கார்த்திகை மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், படிக்கட்டடியில் ஒருத்தர் நின்றார். அறுபது வயது தாண்டியிருக்கும். தோளில் ரெக்ஸின் பை, காலில் ஒன்றும் இல்லை. வார் அறுந்து வழியில் போட்டுவிட்டு வந்தேன் என்றார். நாலு இடத்தில் கேட்டும் ரூம் கொடுக்கவில்லை என்றார். கொடுக்கமாட்டார்கள்தான். ஒண்டியாக வருகிற ஆளுக்கு அறை கிடையாது என்பது நம் ஊரில் எல்லா லாட்ஜிலும் இருந்த வழக்கம். தனியாக வந்து கதவைச் சாத்திக்கொள்கிறவர் எந்த நினைப்பில் வந்திருக்கிறாரோ என்ற பயம். அந்த மழையில் எனக்கும் ஒரு மாதமாக ஆள் இல்லை. ஒரு ராத்திரிதான், விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விடுவேன், உங்களை எழுப்பக்கூட மாட்டேன் என்றார். முதல் இரண்டு அறையிலும் ஒழுகியது. மூன்றாவதைத்தான் திறந்து கொடுத்தேன். வாசலில் கிடந்த செருப்பை ஓரமாகத் தள்ளப் போனேன். அவர் அதற்குள் காலை நுழைத்துவிட்டார். "எனக்கே எடுத்த மாதிரி இருக்குதும்மா" என்று சிரித்தார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சொன்னது உண்மைதான். விரல் இடம்கூட அச்சாகப் பொருந்தியிருந்தது. எனக்கு என்னவோ போல இருந்தது, கீழே இறங்கி வந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் மேலே போனேன். கதவு சாத்தியிருந்தது. செருப்பு பழைய இடத்தில் பழைய மாதிரியே கிடந்தது. மழையில் எதற்கு என்று செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பூட்டு சாவியோடு கொண்டியில் தொங்கியது. அதுவும் எப்போதும் அப்படித் தொங்குவதுதான். கதவைத் தள்ளிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. காலி அறையின் கதவை யார் தட்டுவார்கள்? ஒன்பது மாதமாக அந்த வாசலைப் பார்த்துப் பார்த்து, செருப்பு வெளியே கிடந்தால் உள்ளே ஆள் இல்லை என்று என் கண் பழகிவிட்டது. ஊரில் மற்ற எல்லோருக்கும் அதற்கு நேர் எதிரான அர்த்தம். நான் வழக்கப்படி செருப்பை வெளியே பார்க்கத் திருப்பினேன், துண்டைப் போட்டேன், டம்ளரில் ஒரு வாய் டீ விட்டு வைத்தேன். மத்தியானம் போனபோது டம்ளர் காலியாக இருந்தது. செருப்பு உள்ளே பார்த்துத் திரும்பியிருந்தது. வெளியே மழை கொட்டுகிறது, உளிச் சத்தம்கூட இல்லை. பூனை என்று சொல்லிக்கொண்டேன். பூனை டீ குடிக்குமா, செருப்பைத் திருப்புமா என்று மேற்கொண்டு யோசிக்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. காலை பதினோரு மணி இருக்கும், நான் அடுப்படியில் நின்றிருந்தேன். நனைந்த துண்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி நீ வந்தாய். "மாமா இருமிக்கினே கீறாரும்மா. வுடாம இருமறாரு" என்றாய். நான் உன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். சும்மா இல்லை, விரல் பதிய. பொய் சொல்ற, இந்த வயசுலயே பொய் சொல்ற என்று கத்தினேன். உனக்கு அழுகைகூட உடனே வரவில்லை. மாமா இருக்கிறார் என்று சொன்னவளே நான்தானே, இப்போது அவர் இருமுகிறார் என்றால் ஏன் அடிக்கிறாள் என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பார்வை இன்றைக்கும் உன்னிடம் இருக்கிறது. கையிலிருந்த துண்டைக் கீழே போடாமல், மடித்து மேடைமேல் வைத்துவிட்டுப் போனாய்.

வெள்ளிக்கிழமையும் உனக்கு லீவுதான். மூன்று மணிக்கு மழை விட்டு வெயில் அடித்தது. தாஸ் ஒரு புதுமணத் தம்பதியைக் கூட்டிவந்தான். மேலே அழைத்துப் போய் இரண்டாம் அறையைக் காட்டினேன். அந்தப் பெண் செருப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் யார் என்று கேட்டாள். நானும் மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன். ஒரு பெரியவர் இருக்கிறார், உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறார் என்றேன். நான் சொல்லி வாயை மூடவில்லை, கதவுக்கு உள்ளேயிருந்து, தரையோடு தரையாக, "அம்மா" என்று ஒரு குரல் வந்தது.

அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் இருக்கிறார் என்றுதானே சொன்னேன், ஆள் கூப்பிடுகிறார். எனக்குத்தான் அப்படி இல்லை. நல்ல வெயிலில், நாலு பேர் நிற்கும்போது, என் வாயிலிருந்து வந்த பொய் எனக்குப் பதில் சொல்கிறது. செவ்வாய்க்கிழமை வந்தவர் ஒரு கணம்கூட என் நினைவுக்கு வரவில்லை நைனா, சத்தியமாக வரவில்லை. மாசியிலிருந்து நான் டீ வைத்து, துண்டு நனைத்து, இருக்கிறார் இருக்கிறார் என்று ஊரெல்லாம் சொன்ன ஆள்தான் வந்துவிட்டான் என்று நினைத்தேன். ரூம் இல்லை, போங்கள் என்று தாஸையும் அவர்களையும் விரட்டாத குறையாக அனுப்பினேன். கீழே வந்து கதவைத் தாழிட்டு உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணி வரைக்கும். மேலே இரண்டு தரம் கதவைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. நீ என் மடியிலிருந்து மேலே கையைக் காட்டினாய். வாயைத் திறக்கவில்லை.

அப்பா வந்து ஒரே உதையில் கதவைத் திறந்தார். உள்தாழ்ப்பாளுக்குக் கை எட்டாமல் கதவடியில் விழுந்து கிடந்தார், செவ்வாய்க்கிழமை வந்த அந்தப் பெரியவர். காய்ச்சல் கொதித்தது. தாஸ் ஆட்டோவிலேயே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அவர் அப்பாவிடம் பேசியிருக்கிறார். அந்த அம்மா தினமும் டீ வைத்தார்கள், கொஞ்சமாகத்தான் வைத்தார்கள், அதுவும் இல்லையென்றால் தொண்டை நனைந்திருக்காது என்றாராம். அப்பா அதை என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவைதான். எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டியிருந்ததாம், முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாராம்.

பையில் இருந்த விலாசத்தை வைத்துத் தந்தி கொடுத்து, காட்பாடியிலிருந்து அவர் மகள் ரேவதி வந்தாள். காரியம் முடிந்த பிறகு தன் அப்பா கடைசியாக இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று நம் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் அவருக்கும் ஏதோ பேச்சு தடித்து, மாசி மாதத்தில் வீட்டை விட்டு இறங்கியவராம். ஒன்பது மாதமாகத் தேடியிருக்கிறாள். நான் செருப்பு வைத்த அதே மாசி. அவள் தெருவில் விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நம் தெருதான் ஒரே குரலில் சொல்லியிருக்கிறதே. ஆமாம்மா, மூணாம் ரூம் பெரியவர், மாசியிலிருந்து இங்கேதான் இருந்தார், அந்தக்கா துண்டு துவைத்துப் போட்டு, தினமும் டீ வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். அவள் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். இது எங்கள் அப்பா அளவுதான் என்று மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்து, "நான் பாக்காதத நீங்க பாத்தீங்களேக்கா" என்றாள்.

அப்போது நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். "மாமா செவ்வாக்கெழம..." என்று ஆரம்பித்தாய். படியில் ஏறுகிறதை நீ பார்த்திருப்பாய் போலிருக்கிறது. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். கை ஓங்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்க்க மட்டும் செய்தேன். நீ நிறுத்திக்கொண்டாய். இன்றுவரை நிறுத்தியதுதான். போலீஸ் வருமோ என்ற பயத்தில் மறைத்தேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அது பாதிதான் நிஜம். அவள் நன்றி சொன்னபோது கேட்க நன்றாக இருந்தது, நைனா. அதை விட மனசு வரவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு கார்த்திகையும் ரேவதி வருகிறாள். உனக்குத் தெரியும், வேட்டி சட்டையும் எனக்கு ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு வருவாள். மூன்றாம் அறையைத் திறந்துவிடச் சொல்லி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். இங்கே சாப்பிட்டார், இந்த ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்திருப்பார் என்று ஒன்பது மாதத்தையும் தானே கட்டிக்கொள்கிறாள். அந்த ஒன்பது மாதமும் அவர் உண்மையில் எங்கே இருந்தார், எந்தத் திண்டாட்டத்தில் இருந்தார், அவரைத் தெரிந்தவர்கள் யாராவது எங்காவது உண்டா, ஒன்றும் யாருக்கும் தெரியாது. தேடவேண்டிய ஒரே மனுஷி, கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிட்டாள். என்னால் நிறுத்திவிட்டாள். அவள் உள்ளே இருக்கும்போது நான் கீழே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருத்தி மட்டும் நடக்கிற சத்தமாக அது எனக்குத் தோன்றியதே இல்லை. என் பயம்தான். ஆனாலும் கேட்கிறது.

நீ மாடியைத் திறக்கவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. திற. சனி ஞாயிறு கும்பல் வரட்டும், வீட்டில் நாலு குரல் கேட்கட்டும். திங்கள் முதல் வியாழன் வரை காலியாக இருந்தால் காலி என்றே சொல். காலியாக இருப்பதில் ஒரு அவமானமும் இல்லை, சீசன் இருக்கிற ஊரில் சீசன் இல்லாத நாளும் இருக்கும். ஒண்டியாக வருகிறவரைத் திருப்பி அனுப்பாதே. ஆனால் தினமும் இரண்டு வேளை கதவைத் தட்டு, பதில் வருகிறவரை தட்டு. ஆள் போய்விட்டார் என்றால் கதவை முழுசாகத் திறந்து, உள்ளே போய், கட்டிலடியில் குனிந்து பார்த்துவிட்டுப் பூட்டு. உன் பெண்டாட்டியிடமும் சொல்லி வை. அப்புறம் இன்னொன்று. நாளைக்கு உன் பிள்ளை வந்து ஏதாவது சொன்னால், அது எவ்வளவு நம்பமுடியாததாக இருந்தாலும், முதலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார். அடிப்பதானால் பார்த்துவிட்டு வந்து அடித்துக்கொள்ளலாம்.

வருகிற கார்த்திகையில் ரேவதி வரும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். புடவையைத் திருப்பிக் கொடுப்பாளோ, காறித் துப்புவாளோ, தெரியாது. அவளுக்குச் சேரவேண்டியது அவளுக்குச் சேரட்டும், தேடவேண்டும் என்றால் இப்போதாவது தேடட்டும். அன்றைக்கு நீ லீவு போட்டுவிட்டு வா. தூணுக்குப் பக்கத்தில் நின்று அன்று ஆரம்பித்ததை நீயே முடி. நான் உன்னைப் பார்க்கமாட்டேன், தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இவ்வளவு எழுதியும் ஒரு இடத்தில் மறைத்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் நான் ஏன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், நனைந்த துண்டு உன் கைக்கு எப்படி வந்தது என்று நீ யோசித்திருப்பாய். உனக்கு முன்னால் நான் மேலே போயிருந்தேன், நைனா. துண்டை உதறிக் கொடியில் போடப் போனபோது உள்ளே இருமல் கேட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. துண்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து, அடுப்பு பற்றவைக்காமல் அடுப்பின் முன்னால் நின்றிருந்தேன். நீ துண்டை எடுத்துக்கொண்டு வந்து, நான் கேட்டதையே என்னிடம் சொன்னாய். அதனால்தான் அடித்தேன். நீ அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. அவர் இருமினார். நானும் கேட்டேன்.

உன் அம்மா